தாவலும் தாமதமும்



இந்த மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதன்மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். டைட்டானியம் டை ஆக்சைடு. நீங்கள் தினமும் பார்க்கிற பொருள்தான். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருப்பது இதுதான். பற்பசைக்கு வெண்மை தருவதும் பெரும்பாலும் இதுதான். ஒரு பொருள் வெள்ளையாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதையும் அது உறிஞ்சவில்லை, வந்ததை எல்லாம் சிதறடித்துவிடுகிறது என்று அர்த்தம். இந்த ஆக்சைடுக்குள் இருக்கும் எலக்ட்ரானைக் கிளப்பிவிட 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அந்த அளவு ஆற்றல் புற ஊதாக் கதிரில்தான் உண்டு. தரைக்கு வந்து சேரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்குமேல் தேறாது. சூரிய மின்கலம் செய்ய இதைவிடப் பொருத்தமில்லாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் 1991ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் பிரையன் ஓ'ரீகன், மிக்கேல் கிரேட்சல் என்ற இருவர், இந்தப் பெயின்டு வெள்ளையைக் கொண்டே வெயிலில் 7 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமாக மாற்றும் கலத்தைச் செய்து காட்டினார்கள். ஒளியை உறிஞ்சும் வேலையைச் சாயத்திடம் விட்டார்கள். சாயம் தன் எலக்ட்ரானை ஆக்சைடுக்குள் தள்ளியது; ஆக்சைடு அதைச் சுமந்து கொண்டுபோய் மின்முனையில் சேர்த்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அந்தத் தாவலைப் பற்றியே வியந்து பேசுவார்கள். எவ்வளவு வேகம், எத்தனை ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) என்று. நான் இன்று வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். சாயத்திலிருந்து எலக்ட்ரான் தாவுவது அப்படியொன்றும் அரிய காரியம் அல்ல. தாவிய எலக்ட்ரான் உடனே திரும்பி வராமல் இருக்கிறதே, அதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1873, பெர்லின். ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியல் பேராசிரியர் ஒளிப்படத் தகடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அன்றைய தகடுகளில் இருந்த வெள்ளி புரோமைடுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் வானம் வெளிறிப்போய் இருப்பதும், சிவப்பு உடுத்தியவர்கள் கறுப்பு உடுத்தியவர்களாகத் தெரிவதும் இதனால்தான். ஃபோகலின் கைக்கு வந்த சில தகடுகள் மட்டும் பச்சை ஒளிக்கும் அசைந்துகொடுத்தன. விசாரித்துப் பார்த்தால், உள்ளே ஒளி பிரதிபலித்துப் படம் மங்காமல் இருக்க அவற்றில் ஒரு மஞ்சள் சாயம் சேர்த்திருந்தார்கள். சாயம் எந்த நிறத்தை உறிஞ்சுகிறதோ, அந்த நிறம் வெள்ளி புரோமைடுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று அவர் கண்டுகொண்டார்.  1887இல் வியன்னாவில் ஜேம்ஸ் மோசர், வெள்ளி ஹாலைடு பூசிய மின்முனையில் எரித்ரோசின் சாயத்தை ஏற்றி, ஒளி பட்டதும் மின்னோட்டம் கூடுவதைக் கண்டார். நமக்குத் தேவையான விஷயம் முழுவதும் அதிலேயே இருந்தது. யாரும் அதை மின்சாரம் எடுக்கும் வழியாகப் பார்க்கவில்லை. படம் எடுப்பதில்தான் அன்று பணம் இருந்தது.

சாயம் வெள்ளி உப்புக்குக் கொடுப்பது ஆற்றலையா, எலக்ட்ரானையா? இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. 1960களில் ஜெர்மனியில் ஹைன்ஸ் கெரிஷரும் அவருடைய மாணவர் ஹெல்முட் ட்ரிபுட்ஷும் துத்தநாக ஆக்சைடின் ஒற்றைப் படிகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் சாயம், சுற்றிலும் உப்புக் கரைசல், வெளியே ஒரு மின்சுற்று. எந்த அலைநீளத்தைச் சாயம் உறிஞ்சியதோ அதே அலைநீளத்தில் வெளிச்சுற்றில் மின்னோட்டம் வந்தது. எலக்ட்ரானே சாயத்தை விட்டுப் படிகத்துக்குள் போகிறது என்பதை அதற்குமேல் மறுப்பது கடினமாகிவிட்டது.

ஆனால் வந்த மின்னோட்டம் மிகச் சொற்பம். காரணம் எளிது. வழவழப்பான படிகத்தின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குத்தான் சாயம் ஒட்டும். அந்த ஒற்றை அடுக்கு, விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது. சரி, சாயத்தைத் தடிமனாகப் பூசலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பூசினார்கள். பயனில்லை. ஆக்சைடைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறால்தான் எலக்ட்ரானைக் கொடுக்க முடியும்; மேலே ஏறி உட்கார்ந்திருப்பவை வெளிச்சத்தை மறைப்பதோடு சரி.

1991இல் செய்தது என்னவென்றால், சாயத்தைத் தடிமனாக்காமல் பரப்பைப் பெருக்கினார்கள். 10 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள ஆக்சைடுத் துகள்களைக் குழைத்து, கண்ணாடிமேல் பூசி, 450 டிகிரியில் சுட்டால் துகள்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொள்கின்றன. இடையில் துளைகள் அப்படியே நிற்கின்றன. 10 மைக்ரான் தடிமன் உள்ள படலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர் உள்பரப்பு அடங்கிவிடும். அத்தனையிலும் சாயம் ஒற்றை அடுக்காகவே ஒட்டுகிறது. ஒளி ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான அடுக்குகளைக் கடந்தாக வேண்டும், தப்பிப்பது அரிது.

இங்கே ஒரு குறைகடத்தி இயற்பியலாளர் எழுந்து நின்று கேட்பார், அன்றும் கேட்டிருப்பார்கள். சிலிக்கானை 99.9999 விழுக்காட்டுக்கும் மேல் தூய்மையாக்கி, உள்ளே ஒரு மின்புலத்தை அமைத்து, அந்தப் புலம் எலக்ட்ரானையும் அது விட்டுச்சென்ற காலியிடத்தையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிரித்தால்தான் மின்சாரம் கிடைக்கும். உங்கள் படலமோ துகளும் துளையுமாக இருக்கிறது. துகள்களின் பரப்பு முழுவதும் குறைகள். 20 நானோமீட்டர் துகளுக்குள் மின்புலம் உருவாக இடமும் இல்லை. சுற்றிலும் உள்ள அயனிக் கரைசல் மிச்சமீதிப் புலத்தையும் மறைத்துவிடும். பின் எது எலக்ட்ரானைப் பிரித்து இழுக்கிறது?

எதுவும் இழுக்கவில்லை என்பதுதான் பதில். போகும் வழியும் திரும்பும் வழியும் திறந்தே கிடக்கின்றன. போகும் வழி விரைவு, திரும்பும் வழி மந்தம். அந்த வேக வித்தியாசம் மட்டுமே இந்தக் கலத்தை ஓட்டுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சாயத்தை அருகே சென்று பார்ப்போம். 1993இல் வெளிவந்த ‘என்3’ என்ற ருத்தேனியம் சேர்மம். அதை அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் முகம்மது காஜா நசீருத்தீன், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரேட்சலின் ஆய்வகத்துக்குப் போனவர். நடுவில் ருத்தேனியம். இரண்டு கைகளாக பைபிரிடீன் வளையங்கள். அவற்றின் நுனியில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள். இந்த நுனிதான் ஆக்சைடின் பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம் இரண்டு தயோசயனேட்டுகள், பரப்பை விட்டு விலகி நிற்கின்றன. ஒளி பட்டதும் எலக்ட்ரான் ருத்தேனியத்திலிருந்து பைபிரிடீனுக்கு நகர்கிறது. அதாவது, தாவுவதற்கு முன்னாலேயே மூலக்கூறு அதை ஆக்சைடின் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எலக்ட்ரான் போன பிறகு எஞ்சும் நேர்மின்னூட்டமோ ருத்தேனியத்திலும் தயோசயனேட்டிலும், பரப்பிலிருந்து விலகித் தங்குகிறது. புறப்படும் இடம் பக்கத்தில், திரும்ப வேண்டிய இடம் தூரத்தில்.

இன்னொன்றும் சேர்கிறது. எலக்ட்ரான் தாவும் ஒரு வினையில் கிடைக்கும் ஆற்றல் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அதன் வேகம் கூடாமல் குறையத் தொடங்கும் என்று ருடால்ஃப் மார்க்கஸ் 1960இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். கேட்டவர்கள் நம்பத் தயங்கினார்கள். சோதனைச் சான்று வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது; 1992இல் நோபல் பரிசு வந்தது. ஆக்சைடிலிருந்து எலக்ட்ரான் சாயத்துக்குத் திரும்பும் வினையில் வெளிப்படும் ஆற்றல் மிக அதிகம். அதனாலேயே அது மந்தமான பகுதிக்குள் போய் விழுகிறது.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். தாவலுக்கு ஆகும் நேரம் 100 ஃபெம்டோ வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு முழு வினாடியாக இழுத்துக் கணக்கிடுவோம். அந்தக் கணக்கில், கிளர்வுற்ற சாயம் எலக்ட்ரானைக் கொடுக்காமல் தன் ஆற்றலை வெறுமனே இழக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும். எலக்ட்ரானை இழந்த சாயத்துக்குச் சுற்றியுள்ள கரைசலிலிருந்து அயோடைடு வந்து மாற்று எலக்ட்ரான் கொடுக்க நாலு மாதம் ஆகும். ஆக்சைடில் இருக்கும் எலக்ட்ரான் மனம் மாறிச் சாயத்துக்கே திரும்ப நூறு ஆண்டு, முந்நூறு ஆண்டு என்று ஆகும். நாலு மாதத்தில் அயோடைடு இடத்தை நிரப்பிவிடுவதால், திரும்பி வருகிற எலக்ட்ரானுக்கு அங்கே உட்கார இடம் இல்லை.

அந்த எலக்ட்ரான் மின்முனையை அடைய இதே கணக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். நேராக ஓடாது. படலத்தில் எங்கு பார்த்தாலும் ஆற்றல் பள்ளங்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தெருமுனைக்குப் போக வேண்டியவர்போல நாலடி நடக்கும், சிக்கிக்கொள்ளும், விலகும், மறுபடி நடக்கும். வெளிச்சம் கூடினால் பள்ளங்கள் வேறு எலக்ட்ரான்களால் நிரம்பிவிடுவதால் பின்னால் வருகிறவை சற்று வேகமாகப் போகின்றன.

தாவலின் வேகத்தை அளந்த கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1990களில் மிகக் குறுகிய லேசர் துடிப்புகள் ஆய்வகங்களுக்கு வந்தன. ஃபெம்டோ வினாடி வேதியியலுக்காக அகமது செவைல் 1999இல் நோபல் பரிசு பெற்ற காலம் அது. 1997இல் ஃபிராங்க் வில்லிக்கின் குழு பெர்லினில் வெற்றிடத்தில் வைத்து அளந்து, 25 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு என்றது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக் குழு 2002இல், பாதிக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் 50 ஃபெம்டோ வினாடிக்குள், சாயம் தன் உள் அதிர்வுகளைத் தணித்துக்கொள்வதற்கு முன்பே தாவிவிடுகின்றன என்றது. மீதி ஆற அமர, 100 பிக்கோ வினாடி வரை எடுத்துக்கொள்கின்றன; ஒரு பிக்கோ வினாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ வினாடி. ஆண்டுக்கு ஆண்டு எண் குறையக் குறையக் கைதட்டல் கூடியது.

அப்போது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜேம்ஸ் டுரன்டின் குழு ஒரு கேள்வி கேட்டது. இந்த வேகம் எதற்கு? சாயம் பல நானோ வினாடி காத்திருக்கத் தயாராக இருக்கும்போது, ஒரு நானோ வினாடிக்குள், அதாவது ஆயிரம் பிக்கோ வினாடிக்குள் தாவினாலே நூற்றுக்கு நூறும் போய்ச் சேர்ந்துவிடுமே. தேவைக்கு ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு அவசரம் வீண்தானே? வீண் மட்டும் அல்ல, கெடுதலும்கூட. சாயத்தை ஆக்சைடோடு இறுக்கிப் பிணைத்தால் தாவல் விரையும். அதே பிணைப்பு திரும்பும் வழியையும் விரைவாக்கும். முழுமையாகச் செய்து முடித்த, கரைசல் நிரப்பிய கலங்களில் அவர்கள் அளந்தபோது தாவலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிக்கோ வினாடிகள் ஆயின. கலம் அதற்காக எதையும் பெரிதாக இழந்துவிடவில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என் எண்ணத்தை மாற்றிய வேலை என்றால் இதைத்தான் சொல்வேன். வேகத்தை அளக்க ஒரு கருவி கிடைத்தால், வேகம்தான் முக்கியம் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

உங்களில் சிலர் செம்பருத்தியைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த வெள்ளைப் படலத்தைச் செம்பருத்திச் சாற்றிலோ மாதுளைச் சாற்றிலோ நனைத்து எடுத்தால் கருஞ்சிவப்பு ஊதாவாகத் திரும்பும். பார்க்க வேண்டிய காட்சி. கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள், செய்து பார்க்கலாம். சாயத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் டைட்டானியத்தைக் கவ்வுவதால் வரும் நிறமாற்றம் அது. எதிர்முனைக்குப் பென்சிலால் தேய்த்த கரி, நடுவில் சில சொட்டு அயோடின் கரைசல், இரண்டு கவ்வி. வெயிலில் வைத்தால் அரை வோல்ட்டுக்குள் ஏதோ ஒன்று காட்டும். பள்ளிக்கூடத்தில் செய்ய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் செம்பருத்தியால் ஊருக்கே விளக்கெரியும் என்று செய்தி வந்தால் நம்பாதீர்கள். 1997இல் கறுப்புப் பெர்ரிப் பழத்தின் சயனிடின் நிறமியைக் கொண்டு அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். தாவல் 100 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு. ருத்தேனியத்துக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. கலத்தின் செயல்திறன் 0.56 விழுக்காடு. என்3 அப்போதே 10ஐத் தொட்டிருந்தது. பழச்சாயம் நிறமாலையில் ஒரு சிறு பகுதியைத்தான் உறிஞ்சும், அதோடு டைட்டானியத்தை நேரடியாகக் கவ்வி உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து கலத்தைக் கீழே இழுக்கின்றன.

சயனிடின் என்றதும் இலங்கையை நினைக்காமல் இருக்க முடியாது. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோனும் அவர் மாணவர்களும் 1995இல், கசியும் கரைசலையே ஒழித்துவிட்டு, தாமிர அயோடைடு என்ற திண்மத்தைத் துளைகளுக்குள் இட்டு நிரப்பி ஒரு கலம் செய்தார்கள். சாயம் சயனிடின். அவர்களுடைய இன்னொரு வேலை நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளீய ஆக்சைடைத் தனியாகப் பயன்படுத்தினால் எலக்ட்ரான் அதற்குள் சுலபமாகப் போகும், அதைவிடச் சுலபமாக வெளியேறி வீணாகும். 1999இல் அதோடு துத்தநாக ஆக்சைடைக் கலந்தார்கள். தனித்தனியே சுமாரான இரண்டும் சேர்ந்ததும் செயல்திறன் ஒரேயடியாக உயர்ந்து, டைட்டானியம் கலங்களுக்கு அருகில் வந்துவிட்டது. வெள்ளீயத் துகளைச் சுற்றித் துத்தநாக ஆக்சைடு மெல்லிய தடுப்பாக நின்று, உள்ளே போன எலக்ட்ரான் சாயத்துக்கும் கரைசலுக்கும் திரும்புவதைத் தாமதப்படுத்துகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். பெரிய கருவிகள் இல்லாத ஆய்வகம், சரியான இடத்தில் கைவைத்தது.

திரும்பும் வழி இன்னொன்றும் உண்டு. ஆக்சைடிலிருந்து சாயத்துக்கு அல்ல, கரைசலுக்கே எலக்ட்ரான் கசிவது. இங்கேதான் அயோடின் தன் குணத்தைக் காட்டுகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த அயோடைடு, கடைசியில் ட்ரை அயோடைடாக மாறுகிறது. அதை மறுபடி அயோடைடாக்க இரண்டு எலக்ட்ரான் வேண்டும், ஒரு பிணைப்பு முறிய வேண்டும். ஆக்சைடின் பரப்பில் இது இழுபறியாக நடக்கும். எதிர்முனையில் பூசிய பிளாட்டினத்தில் சட்டென்று நடக்கும். எங்கே வேண்டாமோ அங்கே மந்தம், எங்கே வேண்டுமோ அங்கே வேகம். தேடிப் பிடித்தாலும் இப்படி ஒரு ஜோடி கிடைக்காது. விலை மட்டும் அதிகம். சாயத்தின் மட்டத்துக்கும் அயோடினின் மட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ முக்கால் வோல்ட் வெப்பமாகப் போய்விடுகிறது. வெளியே கிடைப்பதே அவ்வளவுதான்.

அந்த இழப்பைக் குறைக்கக் கோபால்ட் சேர்மங்களுக்குப் போனார்கள். கோபால்ட்டுக்கு ஒரே எலக்ட்ரான் போதும். போவதும் எளிது, கசிவதும் எளிது. ஆகவே சாயத்தையே மாற்ற வேண்டி வந்தது. 2011இல் 12.3 விழுக்காட்டைத் தொட்ட போர்ஃபிரின் சாயத்தில் நீண்ட கார்பன் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோபால்ட் ஆக்சைடின் பக்கம் நெருங்காமல் தள்ளி நிறுத்துவதற்கு. கலத்தின் மின்னழுத்தம் 0.9 வோல்ட்டைத் தாண்டியது.

இடையில் ஒரு திருப்பம். 2009இல் ஜப்பானில் சுடோமு மியாசாகாவின் குழு, சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை டைட்டானியம் படலத்தில் ஏற்றிப் பார்த்தது. 3.8 விழுக்காடு. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழு டைட்டானியம் ஆக்சைடையும் எடுத்துவிட்டு அலுமினியம் ஆக்சைடைப் போட்டது. அலுமினியம் ஆக்சைடு மின்காப்பான். எந்த எலக்ட்ரானாலும் அதற்குள் நுழைய முடியாது. கலம் செத்துப்போயிருக்க வேண்டும். 10.9 விழுக்காடு கொடுத்தது, மின்னழுத்தமும் கூடியது. பெரோவ்ஸ்கைட் எலக்ட்ரானைத் தானே சுமக்கிறது, தாவவே தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. சாயக் கலம் பெற்ற பிள்ளை சாயத்தையும் ஆக்சைடுத் தாவலையும் உதறிவிட்டுப் போய், இன்று 26 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. ஆய்வாளர்களில் பலரும் அதன் பின்னால் போய்விட்டார்கள்.

கூரைமேல் சிலிக்கானை இந்தச் சாயக் கலம் இனி வெல்லும் என்று நான் நம்பவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமும் இல்லை. வெயிலில் ஒவ்வொரு சாய மூலக்கூறும் வினாடிக்கு ஒன்றிரண்டு முறை எலக்ட்ரானைக் கொடுத்து, மறுபடி பெற வேண்டும். இருபது ஆண்டு என்றால் பத்து கோடி முறைக்கு மேல். ஒருமுறை தவறினாலும் அந்த மூலக்கூறு போனதுதான். லோசான் பல்கலைக்கழக வளாகம் ஒன்றின் மாநாட்டு மண்டபச் சுவரில் 2014 முதல் வண்ணக் கண்ணாடிகளாக இவை நிற்கின்றன, அழகாகத்தான் இருக்கின்றன. அதுபோல எல்லாக் கட்டடத்திலும் வந்துவிடவில்லை.

ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. அறை விளக்கின் வெளிச்சம் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலும் அகச்சிவப்பு இல்லை. முழுவதும் சாயம் உறிஞ்சக்கூடிய நிறங்கள். தாமிரச் சேர்மங்களை அயோடினுக்குப் பதிலாகப் போட்டு, திரும்பும் வழிகளை அடைத்துக்கொண்டே போனதில், 2017இல் அறை வெளிச்சத்தில் 28.9 விழுக்காடு கிடைத்தது. 2022இல் லோசான் குழு, சாயத்தை ஏற்றுவதற்கு முன் ஆக்சைடின்மேல் ஒரு ஹைட்ராக்சாமிக் அமிலப் படிவை ஒட்டவைத்து, சாயங்கள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அடுக்கிக்கொள்ளும்படி செய்தது. வெயிலில் 15.2, அறை வெளிச்சத்தில் 30க்கு அருகில். சுவரில் ஒட்டும் வெப்பமானி, ஜன்னல் உணரி, ரிமோட், ஹெட்ஃபோன் என்று பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவிகளுக்கு இது போதும். ஸ்வீடன் நிறுவனம் ஒன்று செய்த சாயக் கலம் ஹெட்ஃபோனின் தலைப்பட்டையில் பதிக்கப்பட்டு விற்பனைக்கும் வந்திருக்கிறது.

அந்தத் தாமிரச் சேர்மங்களைச் சோதித்த ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். சில கலங்களில் கரைசல் ஆவியாகிப் போய்விட்டது. காய்ந்த கலத்தைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கம். இவர்கள் தூக்கிப் போடாமல் அளந்தார்கள். கலம் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்துபோன தாமிரச் சேர்மமே துளைகளுக்குள் திண்மமாக நின்று மின்னூட்டத்தைக் கடத்தியிருக்கிறது. 2015இல் அவர்கள் வெளியிட்ட செயல்திறன் 8.2 விழுக்காடு. செத்தும் நடமாடுகிறவை என்பதால் ஆய்வகத்தில் இவற்றுக்கு ‘ஸாம்பி’ கலங்கள் என்றே பெயர் ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளாகக் கசிவைத் தடுக்கப் பசை தேடிக்கொண்டிருந்த துறையில், கசிந்து தீர்ந்த பிறகும் கலம் ஓடும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. காயும்போது அந்தச் சேர்மம் படிகமாகாமல், துளைகளை முழுவதும் நிரப்பும்படி எப்படிச் செய்வது என்பதில்தான் இப்போது பலரும் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். செம்பருத்திச் சாறும் தயாராக இருக்கிறது.